தெருவை எண்ணிய தாய்மார்கள்

பெண்ணின் பிரசவத்துக்காக ஹாலந்து போனவள், தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் சிரித்தார். ‘அவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்கே. துலிப் தோட்டம், காற்றாலை, கால்வாய் எதையும் சொல்லாம தெருவைப் பத்தியே பேசறியே!’ என்றார். துலிப் தோட்டமும் பார்த்தேன், அழகுதான். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் என் மனசை விட்டுப் போகாதது அந்தத் தெருதான். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் மகளும் மாப்பிள்ளையும் நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் இருக்கிறார்கள். (ஹாலந்து என்று நாம் சொல்வதும் நெதர்லாந்தும் ஒன்றுதான்.) பிலிப்ஸ் பல்பு பிறந்த ஊர் அது. இப்போது பக்கத்திலேயே சிப் தயாரிக்கும் இயந்திரங்கள் செய்கிற பெரிய கம்பெனி இருப்பதால் நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலில் போனேன். விசா மூன்று மாதத்துக்குத்தான்.

பிரசவம் நல்லபடி ஆயிற்று, பேரன். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு. குழந்தை பிறந்ததும் எட்டு நாளைக்கு ஒரு தாதிப் பெண் தினமும் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனித்துக்கொள்கிறாள். பால் கொடுக்கக் கற்றுத் தருகிறாள், குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுத் தருகிறாள். ‘நான் எதுக்கு வந்தேன்?’ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது! பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சர்க்கரை பூசிய சோம்பு மிட்டாய் தூவிக் கொடுக்கிறார்கள். சோம்பு பால் சுரக்க நல்லது என்று அவர்களுக்கும் ஒரு பாட்டி வைத்தியம். கடல் தாண்டினாலும் பிள்ளை பெற்ற வீட்டில் சோம்பு வாசனைதான்.

பேரன் தூங்குகிற நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மூன்று வயசுக் குழந்தை ஒன்று நடுத்தெருவில் சின்ன சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறது. பின்னால் ஒரு கார் வருகிறது. எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. எழுந்து கத்தவே போனேன். அந்தக் கார் ஹாரன் அடிக்கவில்லை. குழந்தையின் பின்னாலேயே எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. குழந்தை சாவகாசமாக ஓரம் போன பிறகு, ஓட்டியவர் கை ஆட்டிவிட்டுப் போனார்.

‘என்னடி இது, பெத்தவங்க எங்கே போனாங்க?’ என்றேன் மகளிடம். அவள் தெருமுனையில் இருந்த பலகையைக் காட்டினாள். நீல நிறப் பலகை. அதில் ஒரு வீடு, ஒரு பெரியவர், பந்தோடு ஒரு குழந்தை, மூலையில் ஒரு கார். ‘அம்மா, இதுக்கு வோன்எர்ஃப்னு பேரு. இந்தத் தெருவுல நடக்கறவங்களுக்குத்தான் முதல் உரிமை. தெரு முழுக்க நடக்கலாம், குழந்தைங்க விளையாடலாம். கார் ரொம்ப மெதுவாத்தான் வரணும்’ என்றாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். ‘குடியிருக்கிறவங்களோட முற்றம்னு சொல்லலாம்’ என்றாள்.

முற்றம்! நம் வீட்டு முற்றத்தில் வடாம் பிழிந்ததும், குழந்தைகள் பாண்டி ஆடியதும் ஞாபகம் வந்தது. தெருவையே முற்றமாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சட்டமே இருக்கிறது, 1976-லிருந்து.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் சின்னவனுக்கு இப்போது இருபது வயசு. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் என் மாமனாருக்குத் திதி. அடுப்படி வேலை தலைக்கு மேல் இருந்தது. தினமும் நான்தான் ஸ்கூலில் கொண்டுவிடுவேன். அன்று மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு அனுப்பினேன். அரை மணி கழித்துப் பூக்கடைக்காரர் ஓடி வந்தார். ஒரு வேன் தட்டிவிட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்து, பிளேட் வைத்து, ஐந்து மாதம் படுக்கை. பிழைத்தான், அதுவே பெரிது. மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் கால் வலிக்கிறது என்பான்.

வீட்டில் என்ன பேச்சு வந்தது என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ‘நீ கூடப் போயிருந்தா இப்படி ஆகியிருக்குமா?’ என்று என் மாமியார் ஒரே ஒரு தரம் கேட்டார். மறுபடி கேட்கவில்லை, நல்ல மனுஷி. நான்தான் பன்னிரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ‘அவன் ஓடியிருப்பான். நான்தான் பார்த்துப் போடான்னு சொல்லலை’ என்று.

அதனால்தான் அந்தத் தெருவை என்னால் சும்மா பார்த்துவிட்டு வர முடியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் பிறக்கும்போதே இப்படிப் பொறுமைசாலிகளா? எப்படி வந்தது இது?

எதிர்வீட்டுப் பாட்டி சொன்னது

எதிர்வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயசு. சைக்கிளில்தான் கடைக்குப் போகிறார்! என் மகள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எனக்குக் கூசிவிட்டது. ‘இங்கே அப்படித்தாம்மா, பாட்டின்னா கோவிச்சுக்குவாங்க’ என்றாள். நான் மனசுக்குள் பாட்டி என்றே வைத்துக்கொண்டேன். பேரனைப் பார்க்க வந்தவரிடம் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி, தெருவைப் பற்றிக் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள்! நம்மிடம் யாராவது வந்து, ‘உங்க கல்யாணம் எப்படி நடந்தது?’ என்று கேட்டால் வருமே, அந்த மாதிரி.

அவர் சொன்னதையும், பிறகு மகள் படித்துக் காட்டியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யுத்தத்துக்குப் பிறகு அந்த நாட்டில் மளமளவென்று கார்கள் பெருகின. சைக்கிளுக்கு இடமில்லாமல் போயிற்று. கார் போக வழி வேண்டும் என்று பழைய வீடுகளை இடித்துச் சாலை போட்டார்கள். 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். அப்போது அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஒன்றே கால் கோடி, ஒன்றரைக் கோடிக்கு நடுவில்தான். அதாவது நம் தமிழ்நாட்டில் ஒரு மூலைக்குக் காணாது.

விபத்தில் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர், விக் லாங்கன்ஹோஃப் என்று பேர், 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. டச்சு மொழியில் ‘ஸ்டாப் தெ கின்டர்மோர்ட்’. அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராயிற்று. அதற்கு முதல் தலைவியாக வந்தவர் மார்ட்யே வான் பூட்டன். ஆம்ஸ்டர்டாமில் கைக்குழந்தையோடு இருந்த இளம் தாய். தன் பேட்டையில் குழந்தைகள் அடிபடுவதைக் கண்ணால் பார்த்தவர். பின்னாளில் இவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகவே ஆனார். ஆனால் ஆரம்பத்தில் என்ன? நம்மைப் போல வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.

என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? அடிக்கடி விபத்து நடக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தெருவை ஒரு நாள் அடைத்துக் குழந்தைகளை விளையாடவிட்டார்கள். நீள மேஜை போட்டுத் தெருவிலேயே எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். போலீஸ்காரர்களே அதற்கு ஒத்தாசை செய்தார்களாம்! பிரதமர் டென் அய்ல் வீட்டு வாசலுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போய்ப் பாட்டுப் பாடினார்கள். வீட்டுக்குள்ளே போக முடியவில்லை, நடையோடு சரி. ஆனால் பிரதமர் வெளியே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் நம் ஊரிலும் நடக்கும். மறியல் நாம் பார்க்காததா? ஆனால் அதற்குப் பிறகு அங்கே நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அரசாங்கம் அந்த இயக்கத்துக்கு மானியம் கொடுத்தது! தன்னை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தவர்களுக்கு! ஒரு பழைய கடையைப் பிடித்து ஆபீஸ் வைத்துக்கொண்டார்கள். தெருக்களைக் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி எப்படி மாற்றலாம் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தார்கள். இந்த முற்றத் தெருக்கள் பரவினதில் அவர்கள் பங்கும் உண்டு. 1983-ல் குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர் வேக எல்லைக்கும் சட்டத்தில் இடம் வந்தது.

‘நீங்க என்ன பண்ணினீங்க?’ என்று பாட்டியைக் கேட்டேன். அவர் உள்ளூர்க் கிளையில் இருந்தவராம்.

‘எண்ணினோம்’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. ‘என்னத்தை?’

‘கார்களை. குழந்தைகளை. எந்த இடத்துல சாலையில இறங்கறாங்க, எங்கே தயங்கி நிக்கறாங்கன்னு. கையில குழந்தை, இன்னொரு கையில நோட்டு. அப்புறம் குழந்தைகளைக் கூப்பிட்டு, வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்குப் போற வழியைப் படமா வரையச் சொன்னோம். அதுல தெரிஞ்சது எங்க கண்ணுக்குத் தெரியலை.’

‘எவ்வளவு பணம் கிடைச்சது?’ நம் புத்தி அங்கேதானே போகும்!

‘எங்க கிளைக்குக் கொஞ்சம்தான். கல்லும் சிமெண்டும் வாங்கப் போதாது. காகிதம், தபால்தலை, காபி, இதுக்குப் போதும். ஆனா கணக்குப் போட்ட காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டுப் போனப்போ, உட்காரச் சொன்னாங்க. வெறுங்கையோட போனப்போ நிக்கத்தான் வச்சாங்க.’

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை அந்தத் தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். வருஷா வருஷம் வெளியே விளையாடுகிற நாள் என்று நாடு முழுக்க உண்டாம். புதன்கிழமை மத்தியானம் அங்கே பல பள்ளிகள் லீவு. கயிறு தாண்டுவதும், சுண்ணாம்புக் கட்டியால் தெருவெல்லாம் கிறுக்குவதும்... பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பார்த்தார். நானும் பேரனை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பாஷை தெரியாமலே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

அங்கே விபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2023-ல் அந்த நாட்டில் 684 பேர் சாலையில் இறந்திருக்கிறார்கள். சைக்கிளில் போகிற வயசானவர்கள்தான் இப்போது அதிகம் அடிபடுகிறார்களாம். ஆனால் 3,300 எங்கே, 684 எங்கே! கார்கள் அப்போதைவிடப் பல மடங்கு பெருகிய பிறகு இது. நம் தேசத்துக் கணக்கையும் மகள் பார்த்துச் சொன்னாள். 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பதினெட்டு வயசுக்குக் கீழே ஒன்பதாயிரத்து ஐநூறுக்கு மேல். தினம் இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறையாமல். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆயிரம் ரூபாய் மானியம்

ஜூலையில் ஊர் திரும்பினேன். எங்களுடையது காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர். ஒரே கடைத்தெரு. அதன் நடுவில் ஸ்கூல். பஸ்ஸும் லாரியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். ‘அக்கா, அது வெள்ளைக்காரன் ஊரு, நமக்கு நடக்குமா?’ என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இன்னொருத்தி, ‘எண்ணறதுக்கு என்ன வெள்ளைக்காரன்? எனக்கு எண்ணத் தெரியும்’ என்றாள். சிரிப்பு அடங்கியதும், குழுவின் பொது நிதியிலிருந்து ஆயிரம் ரூபாய் தருவதென்று தீர்மானம் போட்டு மினிட்ஸ் நோட்டில் எழுதினோம். கடனாக இல்லை, மானியமாக! நோட்டு, பென்சில், பெரிய சார்ட் காகிதம், ஜெராக்ஸ், அளக்க ஒரு டேப், டீ. மொத்தம் 870 ரூபாய் ஆயிற்று. மீதி 130-ஐத் திருப்பிக் கட்டிவிட்டோம். அந்தக் கணக்கைப் பிறகு ஆபீசில் காட்டியபோது அங்கிருந்தவரே ஆச்சரியப்பட்டார்.

எப்படி எண்ணினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். ஒரே நாள் எண்ணிவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் எண்ணினோம். புதன் எங்கள் ஊர்ச் சந்தை நாள், அன்று வண்டி ஜாஸ்தி. காலை எட்டரை முதல் ஒன்பதே கால் வரை, சாயங்காலம் நாலு முதல் நாலே முக்கால் வரை. நாலு பேர், நாலு இடம். சாலையில் நிற்காமல் கடைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டோம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோடு, அஞ்சாவது வந்ததும் குறுக்கே ஒரு கோடு. பால்காரர் கணக்கு மாதிரிதான். ஒருத்தி குழந்தைகளை எண்ணினால் இன்னொருத்தி வண்டிகளை எண்ண வேண்டும். இரண்டையும் ஒருத்தியே எண்ணினால் இரண்டும் தப்பும். முதல் நாள் எனக்குத் தப்பியது.

பக்கத்து வீட்டு மாமா வந்து, ‘என்னம்மா, எலெக்ஷன் வருதா?’ என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் குடையும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார்.

ஸ்கூலில் ஒரு டீச்சரிடம் கேட்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை வீட்டிலிருந்து ஸ்கூலுக்கு வரும் வழியை வரையச் சொன்னோம். முப்பத்திரண்டு படம் வந்தது. ஒருத்தன் நாயைத் தெருவைவிடப் பெரிசாக வரைந்திருந்தான். ஒரு பெண், பூக்கடை முனையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்குக் கோரைப் பல்லும் முட்டைக் கண்ணும் வைத்திருந்தாள். எல்லோரும் ரசித்துச் சிரித்தோம். அப்புறம் பார்த்தால், முப்பத்திரண்டில் பத்தொன்பது படத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

எங்கள் எல்லோர் எண்ணமும் ஸ்கூல் வாசல்தான் ஆபத்தான இடம் என்பது. அங்கேதான் கூட்டம், ஆட்டோக்கள், சத்தம். ஆனால் நோட்டு வேறு மாதிரி சொன்னது. ஸ்கூல் வாசலில் கூட்டத்தைப் பார்த்து வண்டிக்காரர்கள் தாங்களே மெதுவாகப் போகிறார்கள். ஆபத்து அங்கிருந்து அறுபது அடி தள்ளி, அந்தப் பூக்கடை முனையில். ஓரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மேடை பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டி மூடி இல்லாத சாக்கடை, நாற்பது அடி நீளத்துக்கு. அந்த இடத்தில் குழந்தை சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. பஸ் திரும்புகிற முனையும் அதுவே. புதன்கிழமை காலையில் அந்த வழியாகப் போன குழந்தைகள் 286. சாலையில் இறங்கி நடந்தவர்கள் 241.

என் பையனை வேன் தட்டின இடம் அதுதான்.

நோட்டை மூடிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். ‘என்னக்கா, தலை சுத்துதா?’ என்று கேட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மரும் சாக்கடையும் அன்றைக்கும் அங்கேதான் இருந்தன. அவன் ஓடியிருப்பான் என்று பன்னிரண்டு வருஷம் நினைத்தேனே! ஓடவில்லை. எல்லாக் குழந்தைகளையும் போல இறங்கி நடந்திருக்கிறான், அவ்வளவுதான். நான் கூடப் போயிருந்தாலும் நானும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் இறங்கியிருப்பேன். சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ‘நான் ஓடலைன்னு அப்பவே சொன்னேனேம்மா’ என்றான். சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் வலியில் ஏதோ பேசுகிறான் என்று நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பது போல, நகரத்து வார்டுகளுக்குப் பகுதி சபை என்று தமிழ்நாட்டில் 2022-ல் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் தடவையாகக் கூட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குச் சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம். கவுன்சிலர் அம்மா முதலில் அவசரத்தில் இருந்தார். கோரைப் பல் டிரான்ஸ்ஃபார்மர் படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அவர்தான் ‘நமக்கு நாமே’ திட்டத்தைச் சொன்னார். 1997-98 வாக்கில் வந்து, நடுவில் பெயர் மாறி, 2021-ல் மறுபடி வந்த திட்டம். வேலைக்கு ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் கட்டினால் மீதியை அரசாங்கம் போடும்.

சாக்கடைக்கு சிலாப் மூடி, டிரான்ஸ்ஃபார்மர் மேடையைச் சுற்றி நடக்க ஒரு மேடை. எஸ்டிமேட் 1,80,000 ரூபாய். எங்கள் பங்கு அறுபதாயிரம். மலைப்பாகத்தான் இருந்தது. வீடு வீடாகப் போனோம். பத்து ரூபாய் கொடுத்தவர்களும் உண்டு, கதவைச் சாத்தினவர்களும் உண்டு. ‘வரி கட்டறோமே, அப்புறம் எதுக்கு இது?’ என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் பத்தாயிரம் தந்தார். கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து பதினைந்தாயிரம். என் மகளும் அனுப்பினாள். அப்படியும் இப்படியுமாக மூன்று மாதத்தில் சேர்ந்தது.

வேகத்தடையும் கோடு போட்ட நடைபாதைக் கடவும் கேட்டிருந்தோம். அந்தச் சாலை வேறு துறையைச் சேர்ந்ததாம், இவர்கள் கை வைக்கக் கூடாதாம். அங்கேயும் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் நகரவில்லை. அதை நகர்த்த எங்கள் வேலைக்கு ஆன செலவைப்போல் சில மடங்கு ஆகுமாம்.

ஒன்று மட்டும் எனக்குக் குறையாகப் படுகிறது. சிலாப் போடத் திட்டம் இருக்கிறது, எங்கே போட வேண்டும் என்று கண்டுபிடிக்க எந்தத் திட்டத்திலும் எங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. அந்த 870 ரூபாய் செலவழிக்காமல் இருந்திருந்தால் ஸ்கூல் வாசலுக்கு ஒரு பெரிய ஆர்ச் கட்டிவிட்டு வந்திருப்போம். வார்டுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ எண்ணுவதற்கென்றே ஒதுக்கினால் என்ன என்று அடுத்த பகுதி சபையில் கேட்பதாக இருக்கிறேன். கணக்கு ஒழுங்காகக் காட்ட எங்களுக்குத் தெரியும், மினிட்ஸ் நோட்டு இருக்கிறது.

சிலாப் வேலை முடிந்து பள்ளி திறந்த பிறகு, ஒரு புதன்கிழமை காலை பழைய திண்ணையில் பழைய நோட்டோடு உட்கார்ந்தோம். போன குழந்தைகள் 280. சாலையில் இறங்கினவர்கள் 19. அந்தப் பத்தொன்பது பேரும் ஏன் இறங்கினார்கள் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். புது சிலாப் மேல் பூக்காரம்மா இரண்டு கூடையை வைத்துவிட்டாள். மூடியது மூடினதுமாக நல்ல இடமாகப் போய்விட்டது அவளுக்கு! பாவம், அவளுக்கும் பிழைப்பு. கூடையை அந்தப் பக்கத் திண்ணைக்கு மாற்ற முடியுமா என்று திண்ணைக்காரரிடம் கேட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.